குமாஸ்தாவின் குறிப்பேடு: உண்ணி போன பின்னும் நீங்காத நோவு

சென்ற மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்தைத் திறந்து வைக்கும் முறை என்னுடையது. இரவல் புத்தகப் பேரேட்டில் கையெழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நம் அங்கத்தினர்களில் ஒருவரான பெரியவர் ஒருவர் வந்து எதிரே அமர்ந்தார். அவர் பெயர் இங்கே வேண்டா. ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். கோடைப் பயணத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்று கேட்க வந்திருக்கிறார் என்றே எண்ணினேன். அவரோ கையிலிருந்த உறையைப் பிரித்துச் சில காகிதங்களை மேஜைமேல் பரப்பினார்.

“தம்பி, மாதாமாதம் எதையாவது தேடிப் படித்து எழுதுகிறாயே. லைம் நோய் என்று ஒன்று உண்டாமே, அது என்ன? கடைசியில் நரம்பை அரித்துவிடும் என்கிறார்களே, மெய்தானா?”

அவருடைய மகள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலத்தில் தொடையில் செம்படலம் ஒன்று கண்டது. நம்மவர் நிறத்தில் அது சிவப்பாகவும் தெரியவில்லை. எங்கோ இடித்துக்கொண்ட கன்றல் என்று விட்டுவிட்டாள். சில வாரங்கள் கழித்து முழங்கால் வீங்கிற்று. அங்குள்ள டாக்டர் இரத்தத்தைச் சோதித்து லைம் நோய் என்று கண்டறிந்து, 28 நாள் டாக்ஸிசைக்ளின் கொடுத்தார். வீக்கம் வடிந்தது. ஆனால் பெண் பழைய பெண்ணாக ஆகவில்லை. காலையில் எழும்போதே களைப்பு, உடம்பெல்லாம் நோவு, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்து நிற்கிறாள். மறுபடியும் போய்க் கேட்டால், சோதனைகளெல்லாம் சரியாக இருக்கின்றன என்று அனுப்பிவிடுகிறார்கள். சம்பந்தி வீட்டிலோ, வேலைக்குப் போக மனமில்லாமல் சொல்லும் சாக்கு என்று ஜாடையாகப் பேச்சு.

இதற்கிடையில் வேறொரு மருத்துவ நிலையத்தில், கிருமி உடம்புக்குள் ஒளிந்திருக்கிறது, இப்போதே ஒழிக்காவிட்டால் பின்னாளில் மூளை நரம்பு நோயாக மாறும், ஆறு மாதம் இரத்தக் குழாயில் குழாய் செருகி மருந்து ஏற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் அதற்குப் பணம் தராது. சொந்த ஊரில் இருக்கும் மனையை விற்றால் அந்தச் செலவுக்குச் சரியாக இருக்கும் என்று பெரியவர் கணக்குப் போட்டிருந்தார். விற்பதா வேண்டாமா என்பது ஒரு கேள்வி. அதைவிடத் தயங்கித் தயங்கி அவர் கேட்டது இன்னொன்று: “உண்மையிலேயே என் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா, தம்பி? அல்லது மனப் பிரமையா?”

நான் பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்தியவன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்பதை அவரிடமும் சொன்னேன், இங்கும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் ஒரு மாதம் இரவுகளில் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் பெரும்பகுதி நம் வீடுகள் பலவற்றுக்கும் பயன்படக்கூடியதாகப் பட்டது. நம்மில் எத்தனை பேர் பிள்ளைகள் அந்த நாட்டின் வடகிழக்குப் பகுதியில் இருக்கிறார்கள்! பேறுகாலத்துக்கென்றும் பேரப்பிள்ளையைப் பார்க்கவென்றும் ஆண்டுதோறும் எத்தனை தாய்மார்கள் போய் வருகிறார்கள்!

லைம் என்பதற்கும் எலுமிச்சைக்கும் சம்பந்தமில்லை. அது ஓர் ஊரின் பெயர். கனெக்டிகட்டில், கடலோரத்தை அடுத்து, லைம் என்றும் ஓல்டு லைம் என்றும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிற்றூர்கள் இருக்கின்றன. இங்கிலாந்திலுள்ள லைம் ரீஜிஸ் என்ற கடற்கரை ஊரின் நினைவாகக் குடியேறியவர்கள் வைத்த பெயர். முன்னொரு காலத்தில் அந்தப் பகுதியின் காடுகளை வெட்டி விளைநிலமாக்கினார்கள். பிறகு உழவர்கள் நிலத்தைக் கைவிட்டு வெளியேற, காடு திரும்ப வளர்ந்தது. காட்டோடு மான்களும் திரும்பி வந்தன. அந்தக் காட்டின் ஓரத்திலேயே மனிதர்கள் புல்தரையும் தோட்டமுமாக வீடு கட்டிக்கொண்டு குடியேறினார்கள். காட்டெலி, மான், மனிதன் ஆகிய மூவருக்கும் பொதுவான விருந்தாளியாக உண்ணி அமைந்தது.

லைம் ஊரில் பாலி மர்ரி என்ற ஒரு குடும்பத் தலைவி இருந்தார். நான்கு பிள்ளைகளின் தாய், ஓவியம் வரைபவர். பல ஆண்டுகளாக அவருக்குக் காரணம் தெரியாத காய்ச்சல், தடிப்பு, மூட்டு வீக்கம், களைப்பு. டாக்டர் மாற்றி டாக்டராகப் போனார். ஆஸ்பத்திரியிலும் படுத்திருந்தார். காரணம் கண்டுபிடிக்க முடியாதவர்கள் கடைசியில் மனத்தின்மேல் பழி போட்டார்கள். பின்னர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அதே முழங்கால் வீக்கம் வந்தது.

அந்த அம்மையார் செய்த காரியம் ஒன்றுதான். குறிப்பு எழுதி வைத்தார். யாருக்கு, எந்தத் தேதியில், எங்கே வீங்கியது, எத்தனை நாள் இருந்தது, அதற்குமுன் தோலில் என்ன கண்டது என்றெல்லாம் எழுதினார். அண்டை அயலாரை விசாரித்து அவர்கள் வீட்டுச் செய்தியையும் சேர்த்துக்கொண்டார். 1975ஆம் ஆண்டு அவர் மாநில சுகாதார இலாகாவைத் தொடர்புகொண்டார். ஓல்டு லைமிலிருந்து வேறொரு தாயும், தன் தெருவிலேயே பல குழந்தைகளுக்கு மூட்டு வாதம் என்கிறார்களே, இது எப்படிச் சாத்தியம் என்று ஏறத்தாழ அதே சமயத்தில் கேட்டிருந்தார். குழந்தைகளுக்கு வரும் மூட்டு வாதம் மிகவும் அபூர்வமான வியாதி. அது தொற்றிப் பரவுவதும் இல்லை.

யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டு நோய்ப் பயிற்சியில் இருந்த ஆலன் ஸ்டீர் என்ற இளம் டாக்டரிடம் விஷயம் போயிற்று. அவர் வீடு வீடாக விசாரித்தார். 39 குழந்தைகளும் 12 பெரியவர்களுமாக 51 நோயாளிகளைப் பற்றி 1977இல் வெளியிட்டார். சில கிராமச் சாலைகளில் பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் நோய் இருந்தது. பெரும்பாலோருக்குக் கோடையிலோ அதை ஒட்டியோ தொடங்கியிருந்தது. நாலில் ஒருவருக்கு மூட்டு வீங்குவதற்குச் சில வாரங்கள் முன்னால் தோலில் சிவந்த புள்ளி தோன்றி வட்டமாக விரிந்திருந்தது. இதே விரியும் வட்டத்தை ஸ்வீடன் தேசத்துத் தோல் வைத்தியர் ஆர்விட் அஃப்ஸேலியஸ் 1909ஆம் ஆண்டிலேயே உண்ணிக் கடியோடு சேர்த்துச் சொல்லியிருந்தார். ஐரோப்பாவில் அறிந்த தோல் நோயும் அமெரிக்காவில் அறியாத மூட்டு நோயும் ஒரே நோயின் இரண்டு முகங்கள் என்பது அப்போதுதான் புலப்படத் தொடங்கியது.

கிருமி அகப்பட்டது 1981இல். மொன்டானா மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஸ்விட்ஸர்லாந்துக்காரர் நியூயார்க் மாநிலத்தின் ஷெல்டர் தீவிலிருந்து வந்த உண்ணிகளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தேடியது வேறொரு காய்ச்சலின் கிருமியை. உண்ணியின் குடலில் சுருள் சுருளான நுண்ணுயிர்கள் தென்பட்டன. இளமையில் அவர் இத்தகைய சுருள் கிருமிகளைப் பற்றியே படித்தவராதலால் கண்டதும் அடையாளம் தெரிந்தது. அவர் பெயரையே சேர்த்து அதற்குப் பொர்ரேலியா பர்க்டார்ஃபெரி என்று பெயரிட்டார்கள்.

கிருமி தெரிந்துவிட்டபடியால் சிகிச்சையும் தெளிவாயிற்று. காலத்தில் கொடுத்தால் சில வாரத்து ஆன்டிபயாடிக் மருந்திலேயே பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அந்த நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,76,000 பேர் இந்நோய்க்காகச் சிகிச்சை பெறுகிறார்கள் என்று அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010 முதல் 2018 வரையிலான கணக்கிலிருந்து மதிப்பிட்டிருக்கிறது. மருந்தே கொடாமல் விட்டால் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூட்டு வீக்கம் வரும். சிலருக்கு முகத்தின் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். மிகச் சிலருக்கு இதயத் துடிப்பு தடைப்படும். நரம்பையும் இந்தக் கிருமி தாக்குவதுண்டு. அதற்கும் மருந்து உண்டு.

கதை இத்துடன் முடிந்திருந்தால் பெரியவருடைய மகளுக்குத் துன்பமில்லை. மருந்து உண்டு முடித்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் களைப்பும் நோவும் மறதியும் ஆறு மாதம், ஓர் ஆண்டு, அதற்கும் மேலாக நீடிக்கின்றன. இது கட்டுக்கதையா என்று பார்ப்பதற்காக ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் ஒரு சோதனை செய்தார்கள். ஆரம்பத்திலேயே கண்டறிந்து முறையாக மருந்து கொடுக்கப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். இந்நோய் கண்டிராத வேறு சிலரையும் அவ்வாறே கவனித்தார்கள். களைப்பும் நோவும் யாருக்குத்தான் இல்லை? ஆகவே இந்த ஒப்பீடு அவசியம். 2022இல் வந்த முடிவின்படி, நோய் கண்டவர்களில் 14 சதவீதம் பேருக்கு வாழ்க்கையைப் பாதிக்கும் அளவில் தொல்லை நின்றது. மற்றவர்களில் 4 சதவீதம்.

அந்த 14ஐயும் 4ஐயும் நான் ஒரு தாளில் எழிதிப் பெரியவரிடம் காட்டினேன். இடையிலே இருக்கும் பத்து, பிரமையல்ல. உங்கள் மகள் அந்தப் பத்தில் ஒருத்தியாக இருக்கக்கூடும் என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எனக்கும் அப்போது பேச்சு வரவில்லை. 2006ஆம் ஆண்டில் சிக்குன்குனியாக் காய்ச்சல் நாடெங்கும் பரவியது நேயர்களுக்கு நினைவிருக்கும். என் தாயாருக்கும் வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் காலையில் எழுந்தால் விரல்களை மடக்க அவரால் இயலவில்லை. பால் செம்பைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. காய்ச்சல்தான் போய்விட்டதே, இன்னும் என்ன என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். அப்போது எனக்குப் பதினாறு வயது. சட்டை துவைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு ஒரு நாள் சாப்பிடாமல் பள்ளிக்குப் போனதுகூட நினைவிருக்கிறது. சிக்குன்குனியாவுக்குப் பின் பலருக்கு மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் மூட்டு நோவு நீடிக்கும் என்பது இன்று எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். அன்று எங்கள் வீட்டில் அதை ஒருவரும் சொல்லவில்லை. தாயார் தாமே குறை சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

கிருமி போன பின்னும் நோய் ஏன் நிற்கிறது? மருத்துவர்கள் பல காரணங்களை ஆராய்கிறார்கள். அழிந்த கிருமியின் உடற்சுவரில் உள்ள ஒரு பொருள் மூட்டு நீரில் தங்கிவிடுவதையும், உடம்பின் பாதுகாப்புப் படை அதைக் கண்டு வீக்கத்தை உண்டாக்குவதையும் 2019இல் கண்டார்கள். எதிரி ஓடிவிட்டான், அவன் போட்டுவிட்டுப் போன சட்டையைப் பார்த்துக் காவலர்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இது மூட்டு வீக்கத்துக்குக் கிடைத்த விளக்கம். களைப்புக்கும் மறதிக்கும் இவ்வளவு தெளிவான விளக்கம் இன்னும் அகப்படவில்லை.

நிற்க. பெரியவர் கொண்டுவந்த காகிதங்களில் இருந்த மற்றொரு விஷயத்துக்கு வருகிறேன். லைம் கிருமி உடம்பில் ஒளிந்திருந்து, மறதி நோய், நடுக்குவாதம், தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நரம்பு நோய், மல்டிபிள் ஸ்கெலிரோசிஸ் முதலியவற்றை உண்டாக்குகிறது என்று அதில் அச்சிட்டிருந்தது. கீழே ஒரு நீண்ட பட்டியல். களைப்பு முதல் காது இரைச்சல் வரை அதில் இல்லாத வியாதி இல்லை.

இந்த எண்ணம் தோன்றியதற்கு ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மேகநோய் எனப்படும் சிபிலிஸை உண்டாக்குவதும் இதே இனத்துச் சுருள் கிருமிதான். அது பல ஆண்டுகள் ஒளிந்திருந்து மூளையைத் தாக்கக்கூடியது. அண்ணன் செய்வதைத் தம்பியும் செய்வான் என்று ஐயுறுவது இயல்பு. தொற்று ஒன்று பிற்காலத்து நோய்க்கு வித்தாவதும் புதிதன்று. குழந்தைப் பருவத்துத் தொண்டைப்புண் இதய வால்வைக் கெடுப்பதை நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் நித்தியமும் பார்க்கிறார்கள். மல்டிபிள் ஸ்கெலிரோசிஸுக்கே எப்ஸ்டைன் பார் என்ற வைரஸோடு உள்ள தொடர்பு 2022இல் வலுவாக நிறுவப்பட்டது. அமெரிக்கப் படையில் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளைப் புரட்டி, பத்திரப்படுத்தி வைத்த இரத்தத்தைச் சோதித்து, வைரஸ் தொற்றிய பிறகு அந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதைக் காட்டினார்கள். தொடர்பு மெய்யாக இருந்தால் பதிவேட்டில் அது இப்படித் தலை காட்டிவிடும்.

லைம் நோய்க்கும் அத்தகைய சோதனை நடந்தது. டென்மார்க் தேசத்தில் ஒவ்வொரு பிரஜைக்கும் ஓர் எண் உண்டு. பிறப்பு முதல் இறப்பு வரை ஆஸ்பத்திரிக் குறிப்புகள் அந்த எண்ணின்கீழ் சேர்கின்றன. பேரேடு எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தத் தேசத்தின்மேல் சற்றுப் பொறாமையே உண்டாயிற்று. 1986 முதல் 2016 வரை லைம் கிருமி நரம்பைத் தாக்கியதாக உறுதி செய்யப்பட்ட 2,000க்கும் மேற்பட்டோரை அங்கே எடுத்துக்கொண்டு, அவர்களை ஒத்த மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மறதி நோயோ, நடுக்குவாதமோ, தசை இழக்கும் நரம்பு நோயோ, வலிப்போ நாளடைவில் இவர்களுக்கு அதிகமாக வரவில்லை. நரம்பிலேயே கிருமி ஏறியவர்களுக்கு இந்த நிலை என்றால், முழங்கால் மட்டும் வீங்கிய பெண்ணுக்கு அந்தப் பயம் எதற்கு?

ஆனால் அதே தேசத்துப் பேரேடுகளிலிருந்தே 2021இல் மற்றொரு கணக்கும் வந்தது. லைம் நோய்க்காக ஆஸ்பத்திரிக்குப் போனவர்களிடம் மனச்சோர்வு முதலிய மனநோய்கள் மற்றவர்களைவிட 28 சதவீதம் அதிகமாகப் பதிவாகியிருந்தன. கிருமியா, நீண்ட நோவா, ஒருவரும் நம்பாத வேதனையா, எது காரணம் என்று அந்தக் கணக்கு பிரித்துச் சொல்லவில்லை. ஆகவே தொடர்பே இல்லை என்று ஒரேயடியாகச் சொல்பவர்களும் சரியல்லர்.

நான் வேலை பார்ப்பது சாமான் நஷ்ட ஈட்டுப் பிரிவில். வியாபாரி ஒருவர் வந்து, அனுப்பிய பெட்டி உடைந்து வந்தது என்பார். பெட்டியைப் பார்த்தால் உடைந்துதான் இருக்கும். அதில் சந்தேகம் கிடையாது. ஆனால் எந்த ஸ்டேஷனில், யார் கையில் உடைந்தது என்பது தனி விசாரணை. பெட்டி உடைந்தது மெய்யாதலால் அவர் காட்டும் ஆள்தான் உடைத்தான் என்று எழுத முடியாது. உடைத்தவன் அகப்படவில்லை என்பதற்காகப் பெட்டி உடையவே இல்லை என்று எழுதவும் முடியாது. எங்கள் ஆபீசில் இரண்டாவது வகைக் கடிதங்களே அதிகம் போகின்றன என்பது வேறு விஷயம்.

பெரியவர் மகளின் விஷயத்தில் ஒரு பக்கத்தார் பெட்டி உடையவில்லை என்கிறார்கள். மறு பக்கத்தார் உடைத்தவனை நாங்கள் கண்டுவிட்டோம், பணத்தை எடு என்கிறார்கள். அந்த இரண்டாவது பக்கத்தார் கையில் உள்ள சாட்சி என்ன என்று பார்த்தேன். மகளுடைய இரத்தத்தில் லைம் கிருமிக்கான எதிர்ப்புப் பொருள் இன்னும் இருக்கிறது என்ற சோதனைச் சீட்டு ஒன்றே. அந்த எதிர்ப்புப் பொருள் நோய் தீர்ந்த பின்னும் பல ஆண்டுகள் இரத்தத்தில் நிற்கும். வரவுப் பேரேட்டில் பதிவு இருப்பதால் சாமான் இன்னும் கிடங்கில் கிடக்கிறது என்று பொருளா? எப்போதோ வந்தது என்று மட்டுமே பொருள்.

நீண்ட நாள் மருந்து பயன்படுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2001இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், நோவு நீடித்த 129 பேரில் ஒரு பகுதியினருக்கு ஒரு மாதம் இரத்தக் குழாய் வழியாகவும், மேலும் இரண்டு மாதம் வாய் வழியாகவும் மருந்து தந்தார்கள். மற்றவர்களுக்கு மருந்து போலத் தோன்றும் வெறும் பொருள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. இரு சாராரிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் தேறினார்கள், வேற்றுமை இல்லை. நெதர்லாந்தில் 280 பேரைக் கொண்டு நடந்து 2016இல் வெளிவந்த சோதனையிலும், இரண்டு வாரத்துக்கு மேல் மூன்று மாதம் கூடுதலாகக் கொடுத்த மருந்தால் நன்மை காணவில்லை. இடையில் ஒரு சிறு சோதனையில் களைப்பு ஓரளவு குறைந்தது. ஆனால் மறதி குறையவில்லை, மருந்தேற்றும் குழாயால் தீங்கும் நேர்ந்தது. அந்தத் தீங்கு சாதாரணமானதன்று. இரத்தக் குழாயில் மாதக்கணக்காகச் செருகிய குழாய் வழியே வேறு கிருமி புகுந்து நோயாளிகள் இறந்ததும் உண்டு. தீராத லைம் என்று சொல்லிச் செய்த சிகிச்சைகளால் கடுந்தொற்று நேர்ந்த ஐவரின் வரலாறுகளை நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2017இல் வெளியிட்டது.

இந்த விவகாரம் அங்கே வக்கீல்கள் வரை போனது. நீண்ட நாள் மருந்து வேண்டாம் என்று 2006இல் மருத்துவச் சங்கத்தார் வெளியிட்ட வழிமுறைகளைக் கனெக்டிகட் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். 2008இல் சமரசமாகி, தனிக்குழு ஒன்று அமைந்து, வழிமுறைகளில் மருத்துவப் பிழை இல்லை என்று 2010இல் சொல்லிற்று. நோயாளிகள் ஆத்திரம் தணியவில்லை. தணியாது. மருந்து வேண்டாம் என்ற வாக்கியத்தைப் பல டாக்டர்கள் உனக்கு நோயில்லை என்ற பொருளில் சொல்லிப் பழகிவிட்டார்கள் அல்லவா?

பெரியவரிடம் நான் சொன்னது இவ்வளவே. மனையை இப்போது விற்க வேண்டாம். பெண் சொல்வதை முதலில் நம்புங்கள். நம்புவதாக அவளிடம் சொல்லுங்கள். அந்த மருத்துவ நிலையத்தாரிடம், கிருமி உயிரோடு இருக்கிறது என்பதற்கு எதிர்ப்புப் பொருள் தவிர வேறு என்ன ஆதாரம், ஆறு மாதம் என்று எந்தச் சோதனையைக் கொண்டு சொல்கிறீர்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வேறொரு நல்ல டாக்டரிடம் போய், எல்லாவற்றையும் லைம் தலையில் போடாமல், இரத்தசோகை, தைராய்டு, தூக்கக் கோளாறு, வேறு மூட்டு வாதம் ஆகியவை உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணியே ஒரே கடியில் வேறு கிருமிகளையும் தருவதுண்டு, அவற்றையும் பார்க்கட்டும். முக்கியமாக, பாலி மர்ரி அம்மையாரைப் போல ஒரு நோட்டுப் புத்தகம். எத்தனை மணி தூங்கினாள், எவ்வளவு நடந்தாள், மறுநாள் என்ன ஆயிற்று. சோதனைகள் சரியாக இருக்கின்றன என்று சொல்லும் டாக்டர் முன்னால் பத்து வாரக் குறிப்பை வைத்தால் அவரும் சற்று நிமிர்ந்து உட்காருவார்.

கோடையில் அங்கே போகும் நம் தாய்மார்களுக்கு இரண்டொரு வார்த்தை. கெடுதல் செய்வது பெரும்பாலும் இளம் உண்ணி. கசகசா அளவுதான் இருக்கும். மே முதல் ஜூலை வரை அதன் காலம். புல்லிலும் சருகிலும் இருக்கும். புடவையைச் சற்றே தூக்கிக்கொண்டு தோட்டத்தில் பூப்பறிக்கப் போவது நம் வழக்கம். அங்கே நீண்ட காலுறை அணிந்து போவது நலம். வீடு திரும்பியதும் குளித்து, முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதின் பின்புறம், குழந்தைகளின் தலை ஆகிய இடங்களைத் தடவிப் பார்க்க வேண்டும். உண்ணி பற்றியிருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். நம் ஊர் மாட்டுத் தொழுவத்து முறைப்படி மண்ணெண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் கிருமி இறங்கும். ஆகவே அன்றே எடுத்துவிட்டால் பயம் குறைவு. எடுத்த தேதியைக் குறித்துக்கொண்டு ஒரு மாதம் வரை தோலைக் கவனியுங்கள். மாநிறமும் கறுப்புமான நம் தோலில் படத்தில் காட்டும் சிவப்பு வட்டம் தெரியாமல், கன்றிப்போனது போல இருக்கலாம். விரிந்துகொண்டே போனால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முதல் சில வாரங்களில் இரத்தச் சோதனையில் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்போது தோலில் காணும் வட்டமே போதிய சாட்சி.

நம் நாட்டில் இந்நோய் அரிதாகவே பதிவாகியுள்ளது. ஆனால் உண்ணிக் காய்ச்சல் நமக்கும் உண்டு. மைசூர் ராஜ்யத்து ஷிமோகா ஜில்லாவில் 1957இல் குரங்குகள் மடிந்து, மனிதருக்கும் பரவிய கியாசனூர்க் காட்டுக் காய்ச்சலைப் பற்றி ஒரு மாதம் தனியாக எழுத எண்ணியிருக்கிறேன்.

சென்ற வாரம் பெரியவர் மறுபடியும் நூலகத்துக்கு வந்தார். மகள் வேறொரு டாக்டரைப் பார்த்திருக்கிறாள். அவர் ஒரு மணி நேரம் கேட்டாராம். குணமாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை; உனக்கு நோவு இருக்கிறது என்பதை நான் எழுதிக்கொள்கிறேன் என்றாராம். அதைச் சொல்லிவிட்டுப் பெண் தொலைபேசியில் அழுதாளாம். நோட்டுப் புத்தகம் தொடங்கிவிட்டாள். மூன்றாம் நாள் பக்கத்தில், தபால் பெட்டி வரை நடந்து திரும்பியதாகவும் மறுநாள் படுக்கவில்லை என்றும் எழுதியிருந்ததைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள்; பெரியவர் கைபேசியில் காட்டினார். மனைப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கிறது. சம்பந்தி அம்மாளிடம் பேசும் பொறுப்பைத் தம் துணைவியார் ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றார். அந்த அம்மாள் மே மாதம் புறப்படுகிறார். கைப்பையில் சாமணம் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துக்கொள்வார்களோ என்று கேட்டுவரச் சொன்னாராம். பெரிய பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.